ஒன்றா, பலவா? சிங்களத்தில் பன்மையும் மரியாதைச் சொற்களும்

மீள்குடியேறும் குடும்பங்களுக்கான மொழிப் பாடம்

இந்தப் பாடம் எதற்காக?

திருகோணமலை மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகள் உள்ளன. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் இங்கே அடுத்தடுத்து வாழ்கின்றனர். ஊர் திரும்பும் குடும்பம் முதல் சில மாதங்களில் பல வாசல்களை ஏறி இறங்க வேண்டியிருக்கும். கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகம், காணிப் பதிவகம், வைத்தியசாலை, பொலிஸ் நிலையம், துறைமுகப் பகுதி என்று அந்தப் பட்டியல் நீளும். இவற்றில் சில இடங்களில் சிங்களம் மட்டுமே தெரிந்த ஒருவர் உங்கள் முன் அமர்ந்திருக்கலாம்.

ஒரு மொழியை முழுமையாகக் கற்க வருடங்கள் தேவை. இந்தப் பாடம் இரண்டு விடயங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறது. ஒன்று, ஒருமையையும் பன்மையையும் பிரித்துச் சொல்வது. மற்றது, எதிரில் இருப்பவரை மரியாதையாக விளிப்பது. எண்ணிக்கையில் பிழை வந்தால் அது பதிவேட்டில் ஏறிவிடும். விளிப்பதில் பிழை வந்தால், நீங்கள் நினையாத அவமதிப்பை அவர் உணரக்கூடும். இவ்விரண்டு பிழைகளும் பேசுபவருக்குத் தெரியாமலே நடப்பவை.

முதலில் உங்கள் உரிமை

சிங்களம் தெரியாதது குற்றமோ குறைபாடோ அல்ல. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழியாகும். 1988 ஆம் ஆண்டின் 16 ஆவது திருத்தத்தின்படி வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தமிழ் நிர்வாக மொழியாகும். திருகோணமலை கிழக்கு மாகாணத்தைச் சேர்ந்தது. எனவே விண்ணப்பத்தைத் தமிழில் எழுதவும், பதிலைத் தமிழில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. 2007 ஜூலை 1 முதல் அரச சேவையில் சேர்க்கப்பட்ட உத்தியோகத்தர்கள் மற்ற அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என 07/2007 இலக்க அரச நிர்வாகச் சுற்றறிக்கை கூறுகிறது.

ஆகவே இந்த வசனத்தை முதலில் மனப்பாடம் செய்யுங்கள்:

“தெமல கதா கரன கெனெக் இன்னவத?” (தமிழ் பேசும் ஒருவர் இருக்கிறாரா?)

வாசித்து விளங்காத எந்தத் தாளிலும் கையொப்பம் இட வேண்டாம். இந்தப் பாடம் உங்கள் உரிமைக்குப் பதிலாக வைக்கப்படுவதல்ல. அந்த உரிமை கைக்கு எட்டும் வரை சமாளிப்பதற்கான ஒரு கைத்தடி மட்டுமே.

ஒலி பற்றி ஒரு குறிப்பு

சிங்களச் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் தந்துள்ளோம். தமிழில் க, ட, த, ப என்பவற்றுக்கு வல்லொலியும் மெல்லொலியும் ஒரே எழுத்துத்தான். சிங்களத்தில் அவை வெவ்வேறு எழுத்துக்கள். ‘கெவல்’ (வீடுகள்) என்பதில் வரும் ‘கெ’, ‘கெண்டை’ என்பதில் போல் வராது. ‘தங்கை’ என்பதில் வரும் ககரம் போல் மென்மையாக வரும். ‘பொத’ (புத்தகம்) என்பதில் வரும் ‘த’, ‘தம்பி’ என்பதில் போல் வன்மையாக வரும். ஹெந்துனும்பத, தெல, நே ஆகிய சொற்களில் எ, ஏ ஒலிகளை வாயை அகலத் திறந்து, ‘அ’வுக்கும் ‘எ’வுக்கும் இடையில் சொல்ல வேண்டும். சிங்களம் தெரிந்த அயலவர் ஒருவரை ஒவ்வொரு சொல்லையும் ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேளுங்கள். எழுத்தைவிடக் காது நல்ல ஆசிரியர்.

1. பொருட்களின் பன்மை: சொல் குறுகும்

தமிழில் பன்மைக்கு ஒரு விகுதி சேர்க்கிறோம். வீடு என்பது வீடுகள் ஆகும், மரம் என்பது மரங்கள் ஆகும். சிங்களத்தில் உயிரற்ற பொருட்களுக்குப் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கும். ஒருமைச் சொல்லின் கடைசி உயிர் உதிரும், அல்லது கடைசி அசை உதிரும். எஞ்சுவதே பன்மை.

பொத – பொத் (புத்தகம் – புத்தகங்கள்)
கஸ – கஸ் (மரம் – மரங்கள்)
கம – கம் (கிராமம் – கிராமங்கள்)
தெல – தெல் (வலை – வலைகள்)
கடொல – கடொல் (செங்கல் – செங்கற்கள்)
ஹெந்துனும்பத – ஹெந்துனும்பத் (அடையாள அட்டை – அடையாள அட்டைகள்)
ஒப்புவ – ஒப்பு (காணி உறுதி – உறுதிகள்)
போட்டுவ – போட்டு (படகு – படகுகள்)
தஹடுவ – தஹடு (கூரைத்தகடு – தகடுகள்)
சஹதிகய – சஹதிக (சான்றிதழ் – சான்றிதழ்கள்)

சில சொற்களில் உதிரும்போது ஒலியும் சற்று மாறும்:

லிந்த – லிங் (கிணறு – கிணறுகள்)
என்ஜிம – என்ஜின் (இயந்திரம் – இயந்திரங்கள்)

நினைவில் வைக்க ஒரு வழி உண்டு. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இந்தத் துறைமுகத்துக்கு வந்து போனவர்கள். அவர்கள் இலங்கையில் விட்டுச்சென்ற சொற்கள் தமிழிலும் உள்ளன, சிங்களத்திலும் உள்ளன. நாம் மேசை, அலுமாரி, சப்பாத்து, கந்தோர் என்கிறோம். சிங்களத்தில் ஒருமை மேசய, அல்மாரிய, சபத்துவ, கந்தோருவ. பன்மை மேச, அல்மாரி, சபத்து, கந்தோரு. அதாவது சிங்களப் பன்மைதான் எங்கள் சொல்லுக்குக் கிட்ட இருக்கிறது. எனவே தமிழர் ஒருவர் பழக்கத்தில் ‘அல்மாரி’ என்று சொன்னால், கேட்பவர் காதில் ‘அலுமாரிகள்’ என்றே விழும்.

2. ‘இடம்’ என்ற சொல்: கவனமாக இருங்கள்

மேலே சொன்ன விதி மிக அதிகமாகத் தொல்லை தரும் இடம் காணி விடயம். சிங்களத்தில் ஒரு காணி ‘இடம’ எனப்படும். ஈற்று அகரம் உதிர்ந்தால் ‘இடம்’, அதாவது பல காணிகள். எங்களுக்கோ ‘இடம்’ என்றால் ஒரு இடம், ஒரு தலம்.

நடமாடும் சேவையில் ஒரு தாய் வரிசையில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு இருப்பது ஒரே ஒரு வளவு. தனக்குக் காணி இருக்கிறது என்று சொல்ல நினைத்து “இடம் தியெனவா” என்கிறார். எழுதுபவருக்கு அது “காணிகள் இருக்கின்றன” என்று கேட்கிறது. அவர் திரும்பக் கேட்கிறார்: “இடம் கீயக்த?” இதன் பொருள் “எத்தனை காணிகள்?” என்பது. தாயின் காதில் விழுவது ‘இடம்’ என்ற தமிழ்ச் சொல். எந்த இடம் என்று கேட்கிறார் என எண்ணி ஊரின் பெயரைச் சொல்கிறார். இருவரும் பொய் சொல்லவில்லை, இருவரும் கோபப்படவும் இல்லை. ஆனாலும் பதிவில் பிழை விழுந்துவிட்டது. வீட்டுத்திட்டப் பட்டியலில் ஒரு காணி உள்ளவரும் பல காணி உள்ளவரும் ஒன்றாகக் கணிக்கப்படுவதில்லை. அந்தப் பிழையைத் திருத்த எத்தனை நாள் அலைய வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும்.

சரியாகச் சொல்லும் முறை:

இடமக் தியெனவா. (ஒரு காணி இருக்கிறது.)
எக இடமய் தியென்னே. (ஒரே ஒரு காணிதான் இருக்கிறது.)
இடம் தெகக் தியெனவா. (இரண்டு காணிகள் இருக்கின்றன.)

எண்ணைச் சேர்த்துச் சொல்லிவிட்டால் ஒருமை, பன்மை பிழைத்தாலும் பொருள் பிழைக்காது. இது எல்லாச் சொற்களுக்கும் பொருந்தும். வாயால் சொல்லும்போதே விரலாலும் காட்டுங்கள். வெட்கப்பட எதுவும் இல்லை.

3. நீளும் பன்மையும் ‘எக’ சேரும் சொற்களும்

எல்லாப் பொருட் பெயர்களும் குறுகுவதில்லை. சில சொற்கள் ‘வல்’ சேர்ந்து நீளும்.

கே – கெவல் (வீடு – வீடுகள்)
பார – பாரவல் (வீதி – வீதிகள்)
தொர – தொரவல் (கதவு – கதவுகள்)

ஆங்கிலத்திலிருந்து வந்த சொற்களுக்கு ஒருமையில் ‘எக’ சேரும். பன்மையில் அது போய்விடும்.

பஸ் எக – பஸ் (ஒரு பஸ் – பஸ்கள்)
ஃபோம் எக – ஃபோம் (ஒரு படிவம் – படிவங்கள்)

எனவே “ஃபோம் எக தென்ன” என்றால் “படிவத்தைத் தாருங்கள்” என்பது பொருள். இரண்டு வேண்டுமானால் “ஃபோம் தெகக் தென்ன”.

4. மனிதரும் கால்நடைகளும்

தமிழில் உயர்திணை, அஃறிணை என்று பிரிக்கிறோம். சிங்களத்தில் பிரிவு வேறு. மனிதரும் விலங்குகளும் ஒரு பக்கம், உயிரற்றவை மறுபக்கம். மாடும் ஆடும் அங்கே மனிதரோடு சேரும்.

லமயா – லமயி (பிள்ளை – பிள்ளைகள்)
மினிஹா – மினிஸ்ஸு (மனிதன் – மனிதர்கள்)
ஹரகா – ஹரக் (மாடு – மாடுகள்)
எலுவா – எலுவோ (ஆடு – ஆடுகள்)

உறவுப் பெயர்களுக்கு ‘லா’ சேரும். பதவிப் பெயர்கள் சிலவற்றுக்கு ‘வரு’ வரும். நாங்கள் அக்காமார், ஆசிரியர்மார் என்று ‘மார்’ சேர்ப்பதைப் போன்றது இது.

அக்கா – அக்கலா (அக்கா – அக்காமார்)
அம்மா – அம்மலா (அம்மா – அம்மாமார்)
குருவரயா – குருவரு (ஆசிரியர் – ஆசிரியர்மார்)

‘இருக்கிறது’ என்ற சொல்லும் இரண்டாகப் பிரியும். பொருளுக்கு ‘தியெனவா’, உயிருள்ளவற்றுக்கு ‘இன்னவா’. “லமயி தியெனவா” என்று சொன்னால் பிள்ளைகளைப் பொருட்களாகச் சொன்னது போலாகும். “லமயி இன்னவா” என்பதே சரி.

5. எண்ணும் முறை

தமிழில் பொருட்களுக்கு ‘மூன்று’, ஆட்களுக்கு ‘மூன்று பேர்’ என்கிறோம். சிங்களத்திலும் அப்படித்தான். ‘பேர்’ என்ற இடத்தில் ‘தெனெக்’ வரும்.

பொருட்கள்: எகக், தெகக், துனக், ஹதரக், பஹக், ஹயக்
ஆட்கள்: எக் கெனெக், தென்னெக், துன் தெனெக், ஹதர தெனெக், பஸ் தெனெக், ஹய தெனெக்

கேள்வியும் அதன்படி மாறும். ‘கீயக்’ என்றால் பொருட்களின் எண்ணிக்கையைக் கேட்கிறார்கள். ‘கீ தெனெக்’ என்றால் ஆட்களின் எண்ணிக்கையைக் கேட்கிறார்கள். “பவுலே கீ தெனெக் இன்னவத?” என்பது நிவாரணப் பதிவில் நீங்கள் அடிக்கடி கேட்கக்கூடிய கேள்வி: குடும்பத்தில் எத்தனை பேர்? இதற்குப் பிள்ளைகளை மட்டும் எண்ணிச் சொல்லாதீர்கள். உங்களையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

6. எப்படி அழைப்பது?

தமிழில் ஒருவருக்கு மரியாதை கொடுக்கப் பன்மையைப் பயன்படுத்துகிறோம். ஒருவரே ஆனாலும் ‘நீங்கள்’, ‘அவர்கள்’ என்கிறோம். சிங்களத்தில் இது பொருந்தாது. ‘ஒயா’ என்றால் சமமானவரிடம் சொல்லும் ‘நீர்’. அதன் பன்மை ‘ஒயாலா’. மரியாதை என்று எண்ணி ஒரு உத்தியோகத்தரை ‘ஒயாலா’ என்றால், “நீங்கள் எல்லோரும்” என்று ஒரு கூட்டத்தைச் சுட்டியது போலாகும்.

பாதுகாப்பான வழி, ‘நீங்கள்’ என்ற சொல்லையே தவிர்த்து, பட்டத்தைச் சொல்வது.

மஹத்தயா: ஆண் உத்தியோகத்தர் எவருக்கும் பொருந்தும். பதவியோடும் சேர்க்கலாம்: பொலிஸ் மஹத்தயா, தொஸ்தர மஹத்தயா. ‘சேர்’ என்பதும் எங்கும் செல்லும்.
மிஸ்: பெண் உத்தியோகத்தர், தாதி, ஆசிரியை ஆகியோருக்கு. வயது கூடிய பெண்ணை ‘நோனா’ என்றும் அழைப்பார்கள்.
ஹாமுதுருவனே: பௌத்த பிக்குவை நேரில் விளிக்க. அவரை மஹத்தயா என்றோ சேர் என்றோ அழைக்கக் கூடாது.
துமா: மிக உயர்ந்த பதவிகளின் ஈற்றில் வரும். மாவட்டத்தின் அரசாங்க அதிபரை ‘திசாபதிதுமா’ என்பார்கள்.

மஹத்தயா என்பதற்குக் கணவர் என்ற பொருளும் உண்டு. ஒரு பெண் “மகே மஹத்தயா” என்றால் “என் கணவர்” என்று பொருள். எனவே உத்தியோகத்தரைச் சுட்டும்போது ‘மகே’ சேர்க்க வேண்டாம்.

‘உம்ப’, ‘தோ’ என்பவை நண்பருக்குள் அல்லது சண்டையில் வருபவை. படத்திலோ சந்தையிலோ கேட்டிருந்தாலும் பயன்படுத்த வேண்டாம். அங்கே இல்லாத ஒருவரைப் பற்றிப் பேசும்போது ‘மினிஹா’, ‘கெனி’ (பெண்) என்பனவும் மரியாதைக் குறைவானவை. ‘ஏ மஹத்தயா’, ‘ஏ மிஸ்’ என்று சொல்லுங்கள்.

வினைச்சொல்லின் ஈற்றில் ‘ன்ன’ வந்தால் பணிவான வேண்டுகோள்: என்ன (வாருங்கள்), தென்ன (தாருங்கள்), கியன்ன (சொல்லுங்கள்). அதோடு ‘புலுவன்த?’ (முடியுமா?) சேர்த்தால் இன்னும் பணிவாகும். “உதவ் கரன்ன புலுவன்த?” என்றால் “உதவி செய்ய முடியுமா?”

7. ஒரே ஒலி, வேறு பொருள்

பின்வரும் சொற்கள் இரு மொழியிலும் கேட்கும். பொருள்தான் மாறும்.

ஐயா: எங்களுக்கு மதிப்புக்குரியவர். சிங்களத்தில் அண்ணன். பஸ் நடத்துனரை ஐயா என்றால் “அண்ணை” என்று அழைத்ததாகும், பிழையில்லை. மேசைக்குப் பின்னால் இருக்கும் மூத்த உத்தியோகத்தருக்கு அது அளவுக்கு மீறிய நெருக்கமாகத் தோன்றலாம்.

தாத்தா: சிங்களத்தில் தந்தை. “தாத்தாகே நம?” என்று கேட்டால் உங்கள் அப்பாவின் பெயரைச் சொல்ல வேண்டும். பாட்டனாரின் பெயரைச் சொல்லிவிட்டால், பிறப்புச் சான்றிதழும் புதிய பதிவும் ஒத்துப்போகாது. பாட்டனார் சிங்களத்தில் ‘சீயா’. எழுதிய படிவத்தில் தந்தை ‘பியா’ என்று வரும்.

மல்லி: தம்பி. நங்கி: தங்கச்சி. அக்கா, அம்மா, மாமா ஆகியவை இரு மொழியிலும் ஒன்றே.

தம்பி: எங்களுக்கு அன்பான சொல். சிங்களப் பேச்சில் இச்சொல் முஸ்லிம்களை இழிவாகச் சுட்டப் பயன்பட்டிருக்கிறது. எனவே சிங்களத்தில் பேசும்போது இதைத் தவிர்த்து ‘மல்லி’ என்று சொல்லுங்கள்.

ஊர்ப் பெயர்களிலும் கவனம் தேவை. திருகோணமலை சிங்களத்தில் திரிகுணாமலய. முதலிக்குளம் மொரவெவ. படிவத்தில் வேறு பெயர் கண்டால், வேறு ஊருக்கு எழுதிவிட்டார்கள் என்று கலங்க முன் கேட்டுத் தெளியுங்கள்.

8. ஒரு உரையாடல்

வாசித்துவிட்டு, வீட்டில் இருவராகப் பேசிப் பழகுங்கள்.

உத்தியோகத்தர்: வாடிவென்ன. நம மொகக்த? (உட்காருங்கள். பெயர் என்ன?)
நீங்கள் பெயரைச் சொல்லுங்கள்.
உத்தியோகத்தர்: பவுலே கீ தெனெக் இன்னவத? (குடும்பத்தில் எத்தனை பேர்?)
நீங்கள்: பஸ் தெனெக் இன்னவா, மஹத்தயா. மமய், மகே மஹத்தயய், லமயி துன் தெனெகுய். (ஐந்து பேர், ஐயா. நானும் என் கணவரும் மூன்று பிள்ளைகளும்.)
உத்தியோகத்தர்: இடம் கீயக்த? (எத்தனை காணிகள்?)
நீங்கள்: எக இடமய் தியென்னே. (ஒரே ஒரு காணிதான்.)
உத்தியோகத்தர்: ஒப்புவ தியெனவத? (உறுதி இருக்கிறதா?)
நீங்கள்: நே, மஹத்தயா. நெதி வுணா. (இல்லை, ஐயா. தொலைந்துவிட்டது.)

உறுதி தொலைந்தவர்கள் மனம் தளர வேண்டாம். பதிவு செய்யப்பட்ட உறுதியின் பிரதிக்குக் காணிப் பதிவகத்தையும், அரச காணி அனுமதிப்பத்திரம் பற்றிப் பிரதேச செயலகத்தின் காணிக் கிளையையும் நாடுங்கள்.

9. வெளிநாட்டு உறவினரிடம் கேட்டுப் பாருங்கள்

இந்தச் சிக்கல் எங்களுக்கு மட்டும் உரியதல்ல. இத்தாலியின் பலெர்மோ நகரில் எங்கள் மக்கள் பலர் வாழ்கின்றனர். அவர்கள் கற்ற மொழியில் பன்மைக்கு ஈற்று உயிர் மாறும்: லிப்ரோ (புத்தகம்) லிப்ரி ஆகும், காசா (வீடு) காசே ஆகும். மரியாதைக்கு ஆணைச் சிஞ்ஞோர் என்றும் பெண்ணைச் சிஞ்ஞோரா என்றும் அழைப்பார்கள். ‘நீங்கள்’ என்பதற்கு அவர்கள் சொல்லும் ‘லெய்’, ‘அவள்’ என்பதற்கும் உரிய சொல். தமிழ் சேர்க்கிறது, சிங்களம் உதிர்க்கிறது, இத்தாலி மொழி மாற்றுகிறது. அங்கே கூலி வேலைக்குப் போனவர்கள் அதைப் பேசிப் பேசியே பழகினார்கள். இதையும் பேசிப் பேசியே பழகலாம்.

10. பயிற்சி

அ) பன்மை சொல்லுங்கள்: கஸ, ஒப்புவ, கே, லமயா, ஹரகா.
ஆ) சிங்களத்தில் சொல்லுங்கள்: (1) நான்கு பிள்ளைகள் இருக்கிறார்கள். (2) இரண்டு கிணறுகள் இருக்கின்றன. (3) ஒரு காணி இருக்கிறது.
இ) யாரை எப்படி அழைப்பீர்கள்? (1) வைத்தியசாலைத் தாதி. (2) விகாரையின் பிக்கு. (3) உங்களிலும் இளைய கடைக்காரப் பையன்.

விடைகள்

அ) கஸ், ஒப்பு, கெவல், லமயி, ஹரக்.
ஆ) (1) லமயி ஹதர தெனெக் இன்னவா. (2) லிங் தெகக் தியெனவா. (3) இடமக் தியெனவா.
இ) (1) மிஸ். (2) ஹாமுதுருவனே. (3) மல்லி.

அலுவலகத்துக்குப் போகும் நாளில் இந்தப் பக்கங்களைக் கையோடு கொண்டு செல்லுங்கள். பள்ளிக்கூடத்தில் சிங்களம் இரண்டாம் மொழியாகப் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், அந்தப் பிள்ளையையே ஆசிரியராக்குங்கள். ஆனால் பிள்ளையைப் பாடசாலையிலிருந்து மறித்து மொழிபெயர்க்க அழைத்துச் செல்ல வேண்டாம். பதிவு முடிந்ததும் எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். ஆட்களின் எண்ணிக்கையையும் காணியின் எண்ணிக்கையையும் உங்கள் விரலால் தொட்டுச் சரிபார்த்த பின்னரே கையொப்பமிடுங்கள்.